நான்காவது முட்டை ஓடு

மர்கரீத் பிரகாசம் தன் வாழ்நாளில் எத்தனை முட்டைகளைத் திறந்திருப்பாள் என்று ஒருமுறை அவளே கணக்குப் போட்டுப் பார்த்தாள். இருபத்தோராயிரத்துச் சொச்சம் வந்தது. சமையலுக்காகத் திறந்தவை அல்ல. உள்ளே இரண்டு நாள் வயதுள்ள கரு துடித்துக்கொண்டிருக்கும். ஓட்டில் நகக்கண் அளவுக்கு ஒரு ஜன்னல் வெட்டி, வேலையை முடித்து, மறுபடி ஒட்டுநாடாவால் மூடிவிட வேண்டும். அத்தனை முட்டைகளிலும் அவளை அச்சப்படுத்தியது ஒன்றே ஒன்று. அதன் ஓட்டுத் துண்டு ஒரு தீப்பெட்டிக்குள், பாரீசின் ரூ பஜோல் தெருவில் ஐந்தாம் மாடியிலிருந்த அவள் வீட்டுச் சமையலறையில், சர்க்கரை டப்பாவுக்குப் பின்னால் இருந்தது.

பாண்டிச்சேரியிலிருந்து பாரீசுக்கு வந்தபோது அவளுக்குப் பத்தொன்பது வயது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் சிப்பாயாக இருந்த அப்பா, குடும்பத்தோடு வந்து இறங்கிய இரண்டாம் ஆண்டே காலமானார். நகரத்தின் கிழக்கு ஓரத்திலிருந்த ஓர் ஆய்வகத்தில் கண்ணாடிக் குடுவை கழுவும் வேலைக்கு மர்கரீத் சேர்ந்தாள். கழுவும் தொட்டிக்கு எதிரே ஒரு கண்ணாடிக் கதவு. அதற்கு அப்பால் ஆட்கள் உருப்பெருக்கியில் கண்ணை வைத்துக்கொண்டு முட்டைக்குள் ஊசி விட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு வருஷம் பார்த்தாள். பிறகு, கழித்துக்கட்டிய முட்டைகளை எடுத்து வைத்துக்கொண்டு, தையல் ஊசியைக் கல்லில் தீட்டி, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் தானே பழகினாள். முதல் நூறு முட்டையும் நாசம். அதற்கடுத்த முட்டையில்தான், இதயம் நிற்காமலே கருவிலிருந்து ஒரு துணுக்கை வெட்டி எடுக்கக் கை வந்தது. கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போக அதற்குப்பின் ஏழு வருஷம் ஆயிற்று. மாலை வகுப்பு, பரீட்சை, மறுபடியும் மாலை வகுப்பு.

முதல் பத்து வருஷம் விரல்களோடு போயிற்று. பரம்பரையாக ஒரு குறை வரும் கோழிக் கூட்டம் அந்த ஆய்வகத்தில் இருந்தது. அவற்றின் முட்டைகளில் சிலவற்றுக்குள் காலுக்கு ஏழு விரல், எட்டு விரல் முளைத்த குஞ்சுகள் உருவாகும். கண்கள் இரண்டும் கிட்டக்கிட்ட வந்து நிற்கும். பன்னிரண்டாம் நாள் செத்துப்போகும். மர்கரீத் அவற்றைத் திறந்து விரல்களை எண்ணினாள். கருவளர்ச்சி மரபியல் என்று அந்தப் படிப்புக்குப் பெயர். ஒரு விரல் எங்கே தொடங்க வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்று உடம்புக்கு யார் சொல்கிறார்கள் என்பதே அதன் கேள்வி. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒவ்வொரு முட்டையைத் திறக்கும்போதும் சிலுவை போட்டுக்கொள்வாள். பிறகு அந்த வழக்கம் விட்டுப்போயிற்று.

1983இல் ஆய்வகத் தலைவர் ழான்-லூக் அவளை முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்ய வைத்தார். வேலை இதுதான்: இரண்டு நாள் காடைக் கருவின் மூளையிலிருந்து கடுகளவு ஒரு துணுக்கை எடுத்து, அதே வயதுள்ள கோழிக் கருவில் அதே இடத்தில் பதிக்க வேண்டும். குஞ்சு பொரிந்து வந்ததும், ஒரு மருந்து கொடுத்தால், சேவலாக வளரும் முன்பே கூவ ஆரம்பித்துவிடும். கோழிக்குஞ்சு கூவினால் கரகரவென்று ஒரே இழுப்பு. காடைக்கு அப்படியில்லை. சிறியதாக இரண்டு வெட்டு, பிறகு நடுங்கும் ஒரு நீள இழுப்பு.

முதன்முதலில் ஒட்டுக் குஞ்சு ஒன்று கூவிய விடியற்காலையில் அவள் தனியாக இருந்தாள். மஞ்சள் தூவி, கோழி அலகு, கோழிக் கால். அது தலையை இரண்டுமுறை வெட்டி அலகைத் திறந்தது. வந்தது காடையின் குரல். கூவி முடித்ததும் குஞ்சு அப்படியே நின்று, சத்தம் எங்கிருந்து வந்தது என்று தேடுவதுபோலத் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. மர்கரீத் ஒலிப்பதிவுக் கருவியை அணைக்க மறந்து நின்றாள். அந்த நாடாவில் அவளுடைய மூச்சும் பதிந்திருக்கிறது.

நான்கு வருஷம் அதே வேலை. 1987 நவம்பரில் ஐந்து பேர் கொண்ட குழு முன் நின்று ஆய்வேட்டைக் காக்க வேண்டும். வென்றால் ஆய்வாளர் பதவி ஒன்று அவளுக்காகக் காத்திருந்தது. வயது நாற்பத்து மூன்று. ஆய்வேட்டில் மீதியிருந்தது கடைசித் தொகுதி மட்டுமே: ஒட்டுக் குஞ்சுகளுக்குப் பக்கத்தில் வைத்து ஒப்பிட, கோழிக்குக் கோழியின் துணுக்கையே பதித்த குஞ்சுகள். அவை கோழியாகவே கூவ வேண்டும். கூவாவிட்டால், காடைக் குரல் துணுக்கிலிருந்து வந்தது என்று சொல்ல வாய் இருக்காது.

இரண்டு வகை முட்டையும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். அதனால் கூர் முனையில் ஒரு குறி. காடைத் துணுக்கு வைத்ததற்கு ஒரு கோடு. கோழிக்குக் கோழி என்றால் ஒன்றை ஒன்று வெட்டும் இரண்டு கோடு. எண்ணிக்கையை அவள் பொரிந்த பிறகே நோட்டில் எழுதுவாள். நடுவில் சாகும் கருக்கள் நிறைய. யார் பார்த்தாலும் செத்ததை எடுத்துப் போட்டுவிடுவார்கள்.

சனி, ஞாயிறுகளில் முட்டைகளைப் பார்த்துக்கொண்டது சிசிலியா. மன்னார்க்காரி. எண்பத்தைந்தில் புருஷனோடு வந்து, மர்கரீத் குடியிருந்த அதே கட்டடத்தில் இரண்டாம் மாடியில் இருந்தாள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கும் ரெசெபிசே என்ற தற்காலிகத் தங்கும் சீட்டைத் தவிர அவள் கையில் வேறு காகிதம் இல்லை. வேலையைப் பிடித்துக் கொடுத்தது மர்கரீத். கூவேஸ் என்று அங்கே சொல்லும் அடைகாக்கும் பெட்டிக்குத் தண்ணீர் ஊற்றுவது, முட்டைகளைப் புரட்டுவது, வெப்பத்தைக் குறிப்பது. அவ்வளவுதான்.

"அக்கா, நீங்கள் கதைக்கிறது தமிழோ, பிரெஞ்சோ? சொன்னியள் எண்டால் நானும் அதிலையே மறுமொழி சொல்லுவன்" என்பாள் சிசிலியா.

"மொதல்ல நீ பேசறது எனக்குப் புரியட்டும்மா. அப்பறம் பார்க்கலாம்" என்பாள் மர்கரீத்.

ஜூலையில் ஒரு ஞாயிறன்று பாரீசில் பெரிய இடிமழை. ஆய்வகத்தில் அரைமணி நேரம் மின்சாரம் இல்லை. சிசிலியா போர்வைகளால் கூவேஸைச் சுற்றிச் சூட்டைக் காப்பாற்றிவிட்டாள். திங்கட்கிழமை மர்கரீத் அவளைக் கட்டிப்பிடித்து நன்றி சொன்னாள்.

மாதக் கடைசியில் குஞ்சுகள் பொரிந்தன. ஒவ்வொரு முட்டைக்கும் தனித்தனிக் கம்பித் தடுப்பு. பொரிந்த குஞ்சின் காலில் நிற வளையம் ஒன்று. குறி உள்ள ஓட்டுத் துண்டு ஒரு தீப்பெட்டிக்குள், வெளியே வளையத்தின் நிறம். எல்லாம் அவள் ஏற்படுத்திய முறை. இரட்டைக் கோட்டு ஓட்டிலிருந்து வந்தவை ஏழு.

சிவப்பு வளையம் முதலில் கூவியது. இரண்டு வெட்டு, ஒரு நடுக்கம். மர்கரீத் நோட்டைப் பார்த்தாள். தீப்பெட்டியைத் திறந்து ஓட்டைப் பார்த்தாள். இரண்டு கோடு. காடையின் ஒரு உயிரணுகூட அந்தக் குஞ்சுக்குள் போனதில்லை. மறுநாள் நீல வளையமும் அதே குரலில் கூவிற்று. அதற்கும் மறுநாள் மஞ்சள். கடைசியாகப் பச்சை. ஏழில் நாலு. மீதி மூன்றும் கோழியாகவே கூவின.

ஆகஸ்டில் ஆய்வகம் பூட்டப்பட்டது; எல்லோரும் விடுமுறைக்குப் போய்விட்டார்கள். கோழியறைக்கு மருந்தடிக்க ஆள் வருவதாக இருந்தது. மர்கரீத் யாரிடமும் எதுவும் சொல்லாமல், அந்த நாலு குஞ்சுகளையும் துளையிட்ட அட்டைப்பெட்டியில் வைத்து ரயிலில் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். நடுவழியில் பெட்டிக்குள்ளிருந்து குரல் வந்தது. எதிரே இருந்த முதியவர் முகம் மலர்ந்தார்.

"காடைதானே? என் அப்பா வேட்டைக்காரர்."

"ஆமாம்" என்றாள் மர்கரீத்.

அவர் குனிந்து துளையில் கண்ணை வைத்துப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து அது மறுபடி கூவியது. முதியவர் நிமிர்ந்தார்.  அடுத்த நிறுத்தத்தில் எழுந்துபோய் வேறு பெட்டியில் ஏறிக்கொண்டார்.

சமையலறை ஜன்னலுக்குக் கீழே முற்றம், தூரத்தில் தண்டவாளங்கள். மேசைமேல் நாலு கூண்டு. காலையில் ரயில்கள் நகரத் தொடங்கும்போது நாலும் ஒன்றன்பின் ஒன்றாகக் கூவும். அவள் காப்பிக் கோப்பையோடு உட்கார்ந்து கேட்பாள். தன் கையிலேயே அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஊசியில் காடையின் உயிரணு ஒட்டிக்கொண்டிருந்ததா? அப்படியானால் நாலு வருஷத்து வேலையில் எதை நம்புவது?

மாதா திருநாள். பதினைந்தாம் தேதி. பூசைக்குப் புறப்பட்ட சிசிலியா, நல்ல சேலையோடு மேலே ஏறிவந்து கதவைத் தட்டினாள்.

"அக்கா, காடை வளக்கிறியளோ? ஒரு கிழமையாய் முத்தத்திலை கேக்குது. கறி வைக்கிறதெண்டால் எனக்கும் ஒரு கோப்பை தாங்கோ."

"உள்ள வா. வந்து பாரு."

சிசிலியா கூண்டுகளைப் பார்த்தாள். "இது கோழியெல்லே? காடை எங்கை?" என்று கேட்டு வாய் மூடவில்லை, சிவப்பு வளையம் கூவியது. அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சுவரோரம் போனாள்.

"சேசுவே! அக்கா, இதுகள் வீட்டுக்கு ஆகாது. கொண்டுபோய் விடுங்கோ."

"எங்க கொண்டுபோய் விடறது? என் தேஸே, நாலு வருஷத்து ஆய்வேடே, இதுங்க வாயிலதான் இருக்கு" என்று சொல்லி மர்கரீத் அழுதுவிட்டாள். அவள் அழுது சிசிலியா பார்த்ததில்லை. நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் உட்கார்ந்தாள். மர்கரீத் தீப்பெட்டிகளைத் திறந்து விளக்கினாள்: ஒரு கோடு என்றால் காடை, இரண்டு கோடு என்றால் கோழி, இதோ நாலும் இரண்டு கோடு, ஆனால் கத்துவது காடை.

சிசிலியா ஒரு துண்டைக் கையில் எடுத்துப் பார்த்தாள். 

"அக்கா, இந்தச் சிலுவை நான் போட்டது."

"என்னா சொல்ற?"

"அண்டைக்கு இடி முழங்கினது. ஊரிலை அடை வைச்ச முட்டைக்கு இடி கேட்டால் கூழ்முட்டையாய்ப் போயிடும் எண்டு, கரியாலை சிலுவை கீறி விடுவம். இஞ்சை கரிக்கு எங்கை போறது? முட்டையைப் புரட்டேக்கை பாத்தன், சிலதிலை முழுச் சிலுவை இருக்கு, சிலதிலை பாதி. அக்காவும் எங்கடை ஆள்தானே, கீறத் தொடங்கி நேரமில்லாமல் விட்டிட்டா எண்டு நினைச்சன். தீனி மூட்டையிலை எழுதுற பென்சில் கிடந்தது. முடிச்சு விட்டனான்."

"எத்தன முட்டைக்கு?"

"மூண்டு. பிறகு கரண்ட் நிண்டுட்டுது. போர்வைக்கு ஓடினன். அதோடை மறந்துபோச்சு." அவள் ஓட்டுத் துண்டைத் தீப்பெட்டிக்குள் திரும்ப வைத்தாள். "சொல்லிப் போடாதேங்கோ அக்கா. என்னை நிப்பாட்டிப் போடுவினம்."

மர்கரீத் எழுந்தாள். அலமாரியிலிருந்து கைலென்ஸை எடுத்தாள். ஆய்வகத்தில் அவள் பயன்படுத்துவது கடினமான, மெல்லிய கோடு போடும் பென்சில். சிவப்பு வளையத்தின் ஓடு: ஒரு கோடு மெல்லியது, குறுக்கே போனது தடித்தது, மழுங்கியது, ஓரம் தீற்றியது. நீலமும் அப்படியே. மஞ்சளும் அப்படியே. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்த மூன்றும் காடைத் துணுக்கு வைத்த குஞ்சுகள். காடையாகக் கூவியதில் ஒரு தப்பும் இல்லை. ஊசியில் குற்றமில்லை. நாலு வருஷமும் பத்திரம்.

"அடிப் பாவி, உசுரையே எடுத்துட்டியே" என்று சிசிலியாவின் தோளில் ஒரு தட்டுத் தட்டினாள். சிசிலியாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

பிறகு மர்கரீத் நான்காவது தீப்பெட்டியைத் திறந்தாள்.

மெல்லிய கோடு. குறுக்கே அதேபோல இன்னொரு மெல்லிய கோடு. ஓட்டைத் திருப்பினாள், வெளிச்சத்தில் பிடித்தாள், துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். இரண்டும் ஒரே பென்சில். இரண்டும் அவள் கை.

"சிசிலியா. மூணுதானே? நல்லா நெனச்சுச் சொல்லு."

"மூண்டுதான் அக்கா. பிதா, சுதன், பரிசுத்த ஆவி எண்டு சொல்லிக்கொண்டு கீறினனான். அதாலை நினைவிருக்கு."

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பச்சை வளையத்தைப் பார்த்தார்கள். அதுவும் அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. தலையை இரண்டுமுறை வெட்டியது. சிசிலியா அது அலகைத் திறப்பதற்குள் படியிறங்கிவிட்டாள்.

ஒட்டுக் குஞ்சுகளுக்கு ஆயுள் குறைவு. உடம்பு கொஞ்ச நாளைக்கு ஏமாந்திருக்கும். பிறகு உள்ளே இருப்பது தன்னுடையதல்ல என்று கண்டுகொண்டு அதை அழிக்கத் தொடங்கும். மர்கரீத் இதை எதிர்பார்த்தே இருந்தாள். அந்த வாரமே சிவப்பு வளையத்தின் குரல் உடைந்தது. தலை ஒருபக்கம் சாய்ந்தது. பத்து நாளில் நீலமும் மஞ்சளும் அதே வழியில் போயின. செத்ததும் ஒவ்வொன்றின் மூளையையும் எடுத்துப் புட்டியில் பத்திரப்படுத்தினாள்.

பச்சை வளையத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. நன்றாகத் தின்றது. இறக்கை வைத்தது. மற்ற மூன்றின் குரலும் நின்றபின் அதன் குரல் இன்னும் தெளிவாயிற்று. முன்பு சற்றே பிசிறடித்த கடைசி நடுக்கம் இப்போது எந்தக் காடைக்கும் குறையாமல் நீண்டது. அதன் உடம்பு அந்தக் குரலை அந்நியம் என்று நினைக்கவில்லை. மர்கரீத் மூன்று ஒலிநாடா முழுக்கப் பதிவு செய்தாள். ஒவ்வொரு முறை கூவும்போதும் அது அவள் முகத்தையே பார்த்தது. கூவியபின் மற்றவை தேடியதுபோல அது தலையைத் திருப்பித் தேடியதே இல்லை.

செப்டம்பர் முதல் வாரம் அதை ஆய்வகத்துக்குத் திரும்பக் கொண்டுபோனாள். உயிரோடிருக்கும் பறவையின் மூளையைப் பார்க்க வழியில்லை. எத்தனையோ பறவைகளைக் கொன்ற கைதான். அன்று இரண்டுமுறை கையைக் கழுவிவிட்டுத் தொடங்கினாள்.

காடை உயிரணுவுக்கும் கோழி உயிரணுவுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. சாயமேற்றினால் காடை உயிரணுவின் நடுவில் ஒரு கரும்புள்ளி தெரியும். கோழி உயிரணுவில் தெரியாது. சிவப்பு, நீலம், மஞ்சள் மூன்றின் மூளைச் சீவல்களிலும், அவள் துணுக்கு வைத்த இடத்தில், கரும்புள்ளிகள் மிளகு தூவியதுபோலக் கிடந்தன. பச்சையின் மூளையை நானூற்றுப் பன்னிரண்டு சீவல்களாகச் சீவினாள். பதினொரு நாள் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்தாள். முதலிலிருந்து கடைசிவரை கோழி. ஒரு புள்ளி இல்லை.

ழான்-லூக் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். குறியை யார் மாற்றியது என்று அவர் கேட்டபோது, "குறியைத் தெளிவில்லாமல் போட்டது நான். ஒவ்வொரு நாளும் எண்ணி எழுதாததும் நான்" என்று மட்டும் சொன்னாள். சிசிலியாவின் பெயர் அவள் வாயிலிருந்து வரவில்லை.

"நல்லதாகவே போயிற்று. மூன்றையும் ஒட்டுக் குஞ்சுப் பட்டியலுக்கு மாற்றுங்கள். உங்கள் முடிவு இன்னும் பலப்படுகிறது" என்றார்.

"பச்சை?"

"பச்சை வெயிலில் செத்துப்போயிற்று. ஆகஸ்டில் பாதிப் பறவைகள் சாகத்தான் செய்கின்றன."

"அது சாகலை. நான்தான் கொன்னேன்." தன்னையறியாமல் தமிழில் சொல்லிவிட்டு, பிறகு பிரெஞ்சில் சொன்னாள்.

"மர்கரீத், ஒரு பறவை. ஒரே ஒரு பறவைக்காக ஒரு பதவியைத் தூக்கிப் போடுவீர்களா?"

அவள் வீட்டுக்கு வந்து இரண்டு வாரம் யோசித்தாள். பச்சை இல்லாமல் அந்த அத்தியாயத்தை ஒருமுறை தட்டச்சுச் செய்தும் பார்த்தாள். படிக்க அழகாக இருந்தது. சமையலறை அமைதியாக இருந்தது. கூண்டுகள் இல்லாத மேசை. முதல் ரயில் நகர்ந்தபோது அவளுடைய தலை தானாக இரண்டுமுறை வெட்டியது. அவள் பயந்துபோய் எழுந்து நின்றாள். அந்தத் தாள்களைக் கிழித்துவிட்டு, பச்சை வளையத்துக்கு நாலு பக்கம் எழுதிச் சேர்த்தாள்.

நவம்பரில் குழு கூடியது. நாலு பக்கத்தையும் படித்திருந்தார்கள். ஒலிநாடாவைப் போடச் சொன்னார்கள், போட்டாள். மறுபடி போடச் சொன்னார்கள். அறையிலிருந்த ஐவரில் மூத்தவர், பறவைகளோடே காலம் கழித்தவர், கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"இதற்கு உங்கள் விளக்கம் என்ன?"

"தெரியவில்லை" என்றாள் மர்கரீத்.

பட்டம் கிடைத்தது, பாராட்டு வார்த்தை ஒன்றும் சேராமல். பதவி வேறொருவருக்குப் போயிற்று. ழான்-லூக் கைகுலுக்கும்போது அவள் கண்ணைப் பார்க்கவில்லை. அடுத்த ஆண்டு, கண்ணாடியைக் கழற்றி வைத்த அந்த மூத்தவர், பறவைக் குரல்களைப் பதிவு செய்து சேமிக்கும் ஒரு சின்ன அறையில் அவளுக்கு இடம் கொடுத்தார். முன்பிருந்ததைவிட ஒரு படி கீழான வேலை. ஊசியை மூடிவைத்துவிட்டு அவள் காதைத் தீட்டப் பழகினாள், அதையும் தானேதான்.

அவளுக்கு ஒரு நினைப்பு இருந்தது. குஞ்சுகள் பொரிந்தபோது வரைந்து வைத்த தடுப்புகளின் படத்தை எடுத்துப் பார்த்தபோது, பச்சையின் முட்டை மற்ற மூன்றுக்கும் நடுவில் இருந்தது தெரிந்தது. பொரிவதற்கு இரண்டு மூன்று நாள் முன்பே குஞ்சுகள் ஓட்டுக்குள்ளிருந்து ஒன்றையொன்று கூப்பிடும். அதில் எதையாவது அது கேட்டு வாங்கிக்கொண்டதா? இரண்டு வருஷம் சோதித்தாள். காடை முட்டைகளுக்கு நடுவில் கோழி முட்டை வைத்தாள், அறுபது முறை. எண்ணிக்கையை ஒவ்வொரு மாலையும் கூவேஸின் கதவிலேயே எழுதினாள். அறுபதும் கோழியாகக் கூவின.

சிசிலியா இப்போது பாரீசை ஒட்டிய பொபினியில் ஒரு கடையில் வேலை பார்த்தாள், காகிதமும் சரியாகிவிட்டது. ஒருநாள் வந்தவள் சர்க்கரை டப்பாவை நகர்த்தித் தீப்பெட்டியைப் பார்த்துவிட்டு, "இதை இன்னும் எறியேல்லையோ?" என்றாள்.

"எறியறதா? அத வச்சுத்தான் நான் பொழைக்கறேன்."

"நான் நாலாவதுக்கும் கீறியிருந்தால் உங்களுக்கு நிம்மதி, என்ன அக்கா?" என்றாள் சிசிலியா. மர்கரீத் சர்க்கரை டப்பாவைத் திரும்ப அதன் இடத்துக்கு நகர்த்தினாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் சென் தெனி சந்தைக்குப் போவாள். காய்கறி வாங்கி முடித்தபின், கோழி விற்பவனின் கூண்டுகளுக்கு முன்னால் பையோடு நிற்பாள். ஒரு சேவலாவது கூவும்வரை நகரமாட்டாள். கூவியதும், சரி என்பதுபோலத் தலையசைத்துவிட்டு வீட்டுக்குப் புறப்படுவாள். அந்த வியாபாரிக்கு அவள் பழகிப்போன முகம். எதையும் வாங்காத மதாம்.

1991 மார்ச்சில் ஒரு ஞாயிறு, மூலைக் கூண்டிலிருந்த ஓர் இளம் சேவல் அவளைப் பார்த்துத் தலையை இரண்டுமுறை வெட்டியது. அலகைத் திறந்தது. சத்தம் வரவில்லை. மூடிக்கொண்டது. மர்கரீத் காத்திருந்தாள். வியாபாரி கூண்டுகளை வண்டியில் ஏற்றத் தொடங்கினான். கடைசியாக அந்தக் கூண்டைத் தூக்கினான்.

"இது இன்னும் கூவப் பழகவில்லை, மதாம். அடுத்த வாரம் வாருங்கள்."

"அடுத்த வாரம் இருக்குமா?"

"விற்றுப்போய்விடும்" என்றான் அவன்.

அன்று முதன்முறையாக அவனிடம் ஒரு கோழி வாங்கினாள். கால் கட்டிய அந்தச் சேவலைப் பைக்குள் வைத்து, மேலே கொத்தமல்லிக் கட்டைப் போட்டு மூடி, மெத்ரோவில் ஏறினாள். லா ஷப்பேல் நிலையம் வரும்வரை பை அசையவே இல்லை. அவள் பையை மடியில் வைத்துக்கொண்டு, காதைச் சாய்த்து, மூச்சைச் சன்னமாக விட்டபடி இருந்தாள்.